பெயர் சொல்லிப் பேசும் வீடு

திவாகருக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியதும், மனநல மையத்துச் செவிலி அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். யார் பேசினாலும் முதலில் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாத குரலை அவன் சட்டை செய்ய வேண்டியதில்லை.

"ஃப்ரிட்ஜ் பேசுறேன், தயிர் புளிச்சிருச்சு" என்று ஃப்ரிட்ஜே சொல்லும். "அப்பா பேசுறேன், இருமினது நான்தான்" என்பார் அப்பா.

தங்கை சங்கவியைப் பெண் பார்க்க வந்த அன்று மட்டும் அம்மா சட்டத்துக்கு விடுமுறை விட்டாள். "பைத்தியக்கார வீடுன்னு நெனச்சுருவாங்கடி." ஃப்ரிட்ஜின் வாயையும் அடைத்தாயிற்று.

கூடத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். திவாகர் யாருக்கும் பதில் சொல்லாமல் மிக்சர் தட்டையே பார்த்தபடி இருந்தான். ஒரு குரலும் பெயர் சொல்லவில்லை. சங்கவிக்கு மாப்பிள்ளையை ரொம்பவே பிடித்திருந்தது. ஆனாலும் வாயைத் திறந்துவிட்டாள்.

"சங்கவி பேசுறேன், அண்ணா. இவங்க எல்லாரும் நிஜமாவே வந்திருக்காங்க."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சங்கவி விருந்தாளிகளிடம் சட்டத்தைச் சொல்லி முடித்தாள். மாப்பிள்ளையின் அம்மா தொண்டையைச் செருமினாள்.

"மாப்பிள்ளையோட அம்மா பேசுறேன், தம்பி. காப்பியில சர்க்கரையே இல்ல."

திவாகர் நிமிர்ந்தான்.

"திவாகர் பேசுறேன், அத்தை. காப்பி போட்டது சங்கவி."