பாதி ஆணி

சிதம்பரத்தில் பஞ்சநாதம் எழுதிய முதல் நாவலான சரித்திர நாவலில் ஒரு பேய் வேட்டைக்காரன் வருவான். பிடித்த பேயின் முடியைத் தோலோடு அறுத்துப் பலாமரத்தில் வைத்து ஆணியடிப்பான். அதோடு அதன் வாய் அடைத்துவிடும். கடைசிப் பேய்க்கு, ஓயாமல் பேசும் தன் மனைவி தாட்சாயிணியின் பெயரை வைத்தார்.

நாவல் அச்சான வாரம் அவளுக்குப் பேச்சு நின்றது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். வீடு அமைதியானதில் அவர் மேலும் ஐந்து நாவல்கள் எழுதினார்.

2011-இல் அடித்த ‘தானே’ புயலில், அண்ணாகிராமத்துத் தோப்பிலிருந்த அவர்களுடைய கிழட்டுப் பலா சாய்ந்தது. அறுக்க வந்த கொளஞ்சியப்பன், வைரம் பாய்ந்த நடுமரத்துக்குள் ஒரு துருப்பிடித்த ஆணியைக் கண்டான். அதில் முடி சுற்றியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் காயவில்லை.

“அந்தக் காலத்துல எவனோ பேய ஓட்டி அடிச்சிருக்கான் சார். ரம்பம் போயிடும், புடுங்கிடுறேன்.”

பாதி ஆணி வெளியே வந்தது.

“ஏங்க,” என்றாள் பக்கத்தில் நின்ற தாட்சாயிணி. “தலை வலிக்குதுங்க. முழுசா புடுங்கச் சொல்லுங்க.”

பஞ்சநாதத்துக்குப் பாதியில் நிற்கும் ஏழாவது நாவல் நினைவுக்கு வந்தது.

“இந்தக் கட்டைய மட்டும் அறுக்காத, வீட்டுக்கு ஏத்திடு,” என்றவர், சுத்தியலை வாங்கி ஆணியைத் திரும்ப உள்ளே இறக்கினார்.