இரண்டடி இடைவெளி

தோழிகளோடு அரக்கு மலைக்குப் போய்விட்டு அன்று காலைதான் மெட்டுகுடா திரும்பியிருந்தாள் ராஜி டீச்சர். அவள் போனில் படங்களைப் பார்த்த கணவன் மணிவண்ணனுக்கு முகம் வாடியது. எல்லாப் படங்களிலும் சுஷ்மாவும் சுமலதாவும் ஒட்டி நிற்க, ராஜி மட்டும் இரண்டடி தள்ளி நின்றாள்.

"அவங்களோட சண்டையா?"

"இல்லியே."

"மறைக்காதே. பத்து வருஷமா ஒரே ஸ்டாஃப் ரூம். கௌரவம் பார்க்காம நீயே முதல்ல பேசிடு."

ராஜி சிரித்தாள். "அது எங்க ஸ்டாஃப் ரூம் லூர்துமேரி அக்கா இடங்க. அவங்க கொஞ்சம் அகலம், அதான் ரெண்டடி."

"அவங்கதான் வரலையே?"

"எப்படி வருவாங்க? வாரங்கல்ல பேப்பர் திருத்தற டியூட்டி எனக்குத்தான் வந்தது. 'நீ ஒரு டூர்கூட போனதில்ல, நக்கோ, வேணாம்னெல்லாம் சொல்லாம கிளம்பு'ன்னு, ஹெச்.எம்.கிட்ட கேட்டு எனக்குப் பதிலா அவங்க போயிட்டாங்க. அவங்க பொண்ணு அம்மா படத்தை கம்ப்யூட்டர்ல நடுவுல சேர்த்துத் தரேன்னிருக்கா."

மணிவண்ணன் படங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"எப்போ திரும்பறாங்க?"

"இன்னைக்கு சாயங்கால வண்டியில."

"எத்தனை மணிக்குன்னு கேளு. பெட்டி தூக்க நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."