பச்சைக் கயிறு

"ஏலே, நெசத்தைச் சொல்லு. குடிச்சிட்டுத்தான மெடிக்கல் டெஸ்டுக்குப் போனே?"

கண் டாக்டரின் அறைக்கு வெளியே, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் கேட்டாள் பஞ்சம்மாள். மகன் விக்னேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

"சத்தியமா இல்லம்மா. புள்ளி புள்ளியா ஒரு படத்தைக் காட்டி, உள்ள என்ன நம்பர்னு கேட்டாக. எனக்கு ஒண்ணும் தெரியல. கலர் தெரியலன்னு பெயில் போட்டுட்டாக."

"கண்ணு ரெண்டும் முளிச்சுக்கிட்டுத்தான இருக்கு? எல்லாம் உங்க தாத்தன் புத்தி. தண்ணியப் போட்டா பச்சையும் தெரியாது, செவப்பும் தெரியாது."

ரயில் ஓட்டுகிற வேலை. எழுத்துப் பரீட்சையில் பாஸானதற்கே தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவள் அவள். பட்டாசு ஆபீஸ் என்று அங்கே சொல்லும் தொழிற்சாலையின் வேன் வாசலைத் தாண்டும்போதெல்லாம், "எம்மகன் வெடிமருந்தைத் தொட மாட்டான்" என்று பெருமை அடித்தவள். பள்ளிக்கூடத்தை ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்தவள் பெற்ற பிள்ளை இவ்வளவு தூரம் வந்து, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால் வயிறு எரியாதா?

உள்ளே டாக்டர் பைரோஜாவும் அதே மாதிரி புள்ளிப் படங்களைத்தான் காட்டினார். விக்னேஷ் ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினான்.

"சின்ன வயசுல கலரை மாத்திச் சொல்லுவாராம்மா?"

"தக்காளி வாங்கியாலேன்னா காயாப் பொறுக்கிட்டு வருவான். கவனம் இல்லாத பயன்னு முதுகுல நாலு வப்பேன்."

"அடிச்சிருக்க வேண்டாம். இது குடியும் இல்ல, கவனக் குறைவும் இல்ல. பிறவியிலேயே தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது."

"சொட்டு மருந்து எளுதிக் குடுங்க டாக்டரம்மா."

"இதுக்கு மருந்து இல்லம்மா. நீங்க என்ன வேலை பாக்கிறீக?"

"காலண்டர் ஆபீஸ்ல, தாளுக்கு மேல தகரம் அடிக்கேன்."

"அப்பச் சுலபமாப் புரியும். அச்சடிக்கிற பிளேட் எப்படியோ அப்படித்தான அச்சு விளும்? உடம்புக்குள்ளயும் ஜீன்னு பிளேட்டுக இருக்கு. அதைப் பாத்துத்தான் உடம்பு புரதம் செய்யுது. கண்ணுல கலரைப் பிரிச்சுக் காட்டுறதும் புரதம்தான். தம்பிக்கு அந்த பிளேட்டுல எங்கயோ ஒரு பிசகு. அதனால புரதமும் பிசகாத்தான் வருது."

"எங்க ஆபீஸ்ல பிளேட் தப்புன்னா வேற பிளேட் மாட்டுவாகளே?"

"இங்கன அது முடியாதும்மா." டாக்டரின் குரல் தணிந்தது. "இது தாய் வழியா வாரது. பொம்பளைக்கு இதுல ரெண்டு பிளேட் உண்டு. ஒண்ணு பிசகினாலும் இன்னொண்ணு காப்பாத்திரும். ஆம்பளைக்கு இருக்கிறதே ஒண்ணுதான். உங்களுக்கு அந்தப் பிசகு பிளேட் உங்க அப்பாகிட்ட இருந்து வந்திருக்கலாம்; அவருக்கும் இந்தக் குறை இருந்திருக்கலாம்."

"அந்தாளுக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. குடிதான் கெடுத்துச்சு" என்றாள் வெடுக்கென்று.

அவள் அப்பா சங்கிலிமுத்துவுக்கு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து மூட்டை எடுத்துக் கொடுக்கிற வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, ஒரு மருந்து மூட்டையின் வாயைச் சிவப்புக் கயிற்றாலும் இன்னொன்றைப் பச்சைக் கயிற்றாலும் கட்டியிருப்பார்கள். ஒருநாள் அவர் மாற்றி எடுத்துக் கொடுத்துவிட, கலந்ததும் மருந்து வெடித்தது. அவரோடு இன்னும் மூன்று பேர் கருகிப் போனார்கள். குடிவெறியில் மாற்றிவிட்டான் என்றது ஊர். கருகிப்போன வாயை யார் முகர்ந்து பார்த்தார்களோ! பெற்ற மகளும் அதையேதான் நம்பினாள். அப்பாவின் படம் அவள் வீட்டுச் சுவரில் ஏறவில்லை. அமாவாசைக்கு அவர் பேரைச் சொல்லி ஒரு கைச் சோறு வைத்ததில்லை.

"வேலைக்குப் போறப்பக் குடிச்சு நீங்க பாத்திருக்கீகளா?" என்றார், அவள் சொன்ன கதையைக் கேட்ட டாக்டர்.

"பாத்ததில்ல..." பஞ்சம்மாள் இழுத்தாள். "ஆனா மகாச் சோம்பேறி டாக்டரம்மா. ஏளு வயசுப் பிள்ளையப் படிக்க விடாம தெனமும் கையப் பிடிச்சு ஆபீசுக்கு இளுத்துட்டுப் போயிருவாரு. அங்கன போயிக் குத்தவச்சு உக்காந்துக்கிட்டு, வெளையாட்டுக் காட்டுற மாதிரி, 'தாயி, பச்சைக் கயிறு எது, ஓடிப்போயித் தொடு பாப்போம்... செவப்பு எது, தொடு பாப்போம்'பாரு. நான் தொட்டுக் காட்டுனப் பெறகுதான் எந்திரிச்சு வந்து மூட்டையத் தூக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் திரும்பி மகனின் கண்களையே பார்த்தாள்.

விக்னேஷ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். வேலை போன துக்கம் அந்த நிமிடம் அவனுக்கு மறந்தே போயிருந்தது.

"வெளிய சொன்னா வேலை போயிரும்னு பயந்திருக்காரும்மா. உன் கண்ணை வச்சுத்தான் தாத்தா பொளப்பை ஓட்டியிருக்காரு."

அவனே மேலும் கேட்டான்.

"தெனமும் கூடவே கூட்டிட்டுப் போனவரு, அன்னைக்கு மட்டும் ஏம்மா உன்னைய விட்டுட்டுப் போனாரு?"

பஞ்சம்மாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதையும் மீறிக்கொண்டு வந்தது அழுகை.

"படிக்கணும் படிக்கணும்னு நான் அளுத அளுகை பொறுக்க மாட்டாம, அன்னைக்குத்தான்லே எங்கய்யா என்னையப் பள்ளிக்கூடத்துல கொண்டு போயிச் சேத்துவிட்டாரு."