சத்தம் அடங்கும் இடம்

இளவெயில் விழும் தெருவில், புதைந்த மின்கேபிளைத் தேடும் கருவியைத் தரையை ஒட்டி மெல்ல நகர்த்துகிறாள் சர்வேயர். அது கீச்சிட்டு, சட்டென்று அடங்கி, ஓரடி தாண்டியதும் மறுபடி கீச்சிடுகிறது. பள்ளம் தோண்டும் வண்டியின் ஓட்டுநர், சத்தம் அடங்கிய இடத்துக்கு நேராக இரும்புக் கையைத் திருப்புகிறார். "இங்க ஒண்ணும் இல்லையே, தோண்டிடவாக்கா?" "தோண்டினா தெருவுக்கே கரண்ட் போயிடும் தம்பி. ரெண்டு பக்கமும் கத்திட்டு நடுவுல வாயை மூடுதில்ல, கேபிள் நேர் கீழ இருக்குன்னு அர்த்தம்." "அப்ப எங்க மாமியார் மாதிரிதான். பேசாம இருந்தாத்தான் பயம்." சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் சிவப்புக் கோடு இழுக்கிறாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொத்துக்கரண்டியால் முழங்கை ஆழம் சுரண்டியதும், ஈர மண்ணுக்குள் கறுப்புக் கேபிள் ஒரு கீறலும் இல்லாமல் தெரிகிறது. ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைக்கிறார். எதிர்க் கடையில் கரண்ட் தையல் மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் இருவர் காதிலும் விழுகிறது.