சிரித்த வழி

வரிசையில் யாரும் சிரிக்கக் கூடாது என்பது மேஸ்திரி எறும்பு போட்ட சட்டம். முன்னால் போனவர் விட்டுப்போன வாசனையை மோந்துகொண்டு, தலையைக் குனிந்தபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். சொக்கி என்ற சிற்றெறும்புக்கு மட்டும் அது வரவே இல்லை. பூசணி இலையில் வழுக்கி விழுந்து சிரித்தாள். கல்மேல் உட்கார்ந்திருந்த தவளை தும்மியதும் சிரித்தாள். உடைந்த டீ கிளாஸில் தன் மூஞ்சி கோணலாகத் தெரிந்தபோது வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"வேலை நேரத்துல என்னடி இளிப்பு? புத்தி மழுங்கிப் போயிடும்!" என்று மேஸ்திரி அவளை வரிசையின் கடைசிக்குத் துரத்தினார்.

அரிசியோடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் பார்த்தால், தரையில் வாசனையே இல்லை. புற்றில் குஞ்சுகள் பசியோடு காத்திருக்க, வரிசை முழுவதும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. தினமும் நடந்த வழிதான். மேஸ்திரிக்கு ஒரு கல்கூட ஞாபகம் வரவில்லை.

"அதோ என் டீ கிளாஸ்!" என்றாள் சொக்கி. "அதைத் தாண்டினா தவளை தும்மின கல்லு. அப்புறம் நான் விழுந்த இலை. அதுக்குப் பின்னாடிதான் நம்ம புத்து."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "சரி, நீயே முன்னால போ. ஆனா ஒண்ணு, வழியில சிரிக்கக் கூடாது."

சொக்கி தன் அரிசியை அவர் காலடியில் இறக்கி வைத்தாள்.

"அப்போ நீங்களே முன்னால போங்க, மேஸ்திரி. சிரிக்காம போற வழி எனக்குத் தெரியாது."