பெட்டி போட்ட மார்க்

“கொஞ்சம் சிரிச்ச முகமாப் பேசும்மா. இந்த மிஷின் ஒன் மூஞ்சியப் பாத்துத்தான் மார்க் போடும்” என்றார் அசோக்குமார், சிரிக்காமல்.

எதிரே உட்கார்ந்திருந்த தாமரைச்செல்வி மேஜை மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள். டிபன் பாக்ஸ் அளவு, நாலு பக்கமும் கறுப்புக் கண்ணாடி. ஆரப்பாளையத்து ஜவுளிக்கடைக்கு நேற்றுத்தான் வந்து இறங்கியிருந்தது. முதலாளி காசிமாயன் காலையில் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் இன்டர்வியூவையே தொடங்கச் சொன்னார்.

புகார் கவுண்ட்டருக்கு ஒரு ஆள் வேண்டும். “நம்ம ஆளு பல்லக் காட்டுறது பெருசில்லப்பா. கோவத்தோட வந்தவன் சிரிச்சுக்கிட்டே படி எறங்கணும்” என்பது முதலாளியின் உத்தரவு. முகத்தைப் பார்த்து மிஷின் மார்க் போடும். அறுபதுக்கு மேல் வாங்கியவர்களில் ஒருவரை மேனேஜர் அசோக்குமார் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலையிலிருந்து பதினாலு பேர் வந்து போய்விட்டார்கள். ஒருவர்கூட முப்பதைத் தாண்டவில்லை. பக்கத்திலிருந்த லேப்டாப்பில் ஒவ்வொரு தடவையும் ஒரு மஞ்சள் பொம்மை முகம் உதட்டைப் பிதுக்கியது. அதைப் பார்த்துப் பார்த்து அசோக்குமாருக்கு எரிச்சலாக வந்தது.

“சார், ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேன்” என்றாள் தாமரைச்செல்வி. “ரெண்டு வருசத்துக்கு முன்ன எனக்கு முகவாதம் வந்துச்சு. எடது பக்கம் வாய் தூக்காது. சிரிச்சாக் கோணலா இருக்கும். மிஷினுக்கு அது சிரிப்பாத் தெரியுமான்னு தெரியல.”

“வேற எங்கயும் கேட்டுப் பாத்தியா?”

“மூணு கடையில பாத்தாச்சு. மூஞ்சியப் பாத்ததும் சொல்லி அனுப்புறோம்னுட்டாங்க. ரெண்டு வருசமா பரவையில வீட்டுக்குள்ளயே கெடக்கேன் சார். கல்யாண வீட்டுக்குக்கூட வாயில கைக்குட்டைய வச்சுக்கிட்டுத்தான் போறேன். நாலு பேரு வந்து போற எடத்துல உக்காந்து வேல பாக்கணும்னு ஆசை. இதுவும் இல்லன்னா இனிமே எங்கயும் போயி நிக்கிறதா இல்ல.”

அசோக்குமாருக்குப் பாவமாக இருந்தது. அவர் நல்லவர்தான், முகம்தான் அவர் பேச்சைக் கேட்காது. பாவப்பட்டாலும் சரி, பசித்தாலும் சரி, அது கடுகடுவென்றுதான் இருக்கும். லேப்டாப்பைப் பார்த்தார். ஒன்பது மார்க். இதுவரை வந்ததிலேயே இதுதான் குறைவு.

மிஷினை மீறி ஆள் எடுத்தால் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது? பெட்டியில் வைத்த குங்குமம் அவரைப் பார்த்தபடி காய்ந்துபோயிருந்தது. பரவையிலிருந்து வந்த பிள்ளையை ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு அனுப்புவோம் என்று நினைத்தார்.

“சரி, நான் கஸ்டமரு. போன வாரம் எடுத்த சேல ஒரு தண்ணியிலயே சாயம் போயிருச்சு. என்ன கடை வச்சிருக்கீங்க?”

“மொதல்ல உக்காருங்கண்ணே. சேல யாருக்கு எடுத்தது?”

“வீட்ல உள்ளவுகளுக்கு.”

“அவுக என்ன சொன்னாக?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. போன மாதம் மனைவி பாண்டீஸ்வரி சொன்னது அப்படியே வாயில் வந்துவிட்டது. “ஒங்கள நம்பிக் கடைக்கு அனுப்புனேன் பாருங்கன்னா.”

“அதான பாத்தேன். சேலைய நான் இப்பவே மாத்தித் தாரேண்ணே. நீங்க வீட்டுக்குப் போயி, நான் போட்ட சத்தத்துல மேனேஜரே மாடியில இருந்து எறங்கி ஓடியாந்தாருன்னு சொல்லுங்க. அக்கா போன் பண்ணிக் கேட்டா, ஆமாக்கா, அந்த மனுசன் நடுங்கிப்போயிட்டாருன்னு நானும் சொல்லிர்றேன்.”

தொந்தியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடிவரும் தன்னையே அசோக்குமார் நினைத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவளும் பாதி வாயால் சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார். மஞ்சள் பொம்மை வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

“தொண்ணூத்தி நாலும்மா.”

“யாருக்கு சார்?”

“ஒனக்குத்தான். திங்கக்கெழம வந்துரு. கைக்குட்டை வேணாம்.”

தாமரைச்செல்வியின் கை பழக்கத்தில் வாயை மூடப் போனது. பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு, மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அதைச் செய்த கம்பெனியிலிருந்து திவ்யா வந்தாள். அசோக்குமார் அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

“ஒங்க மிஷின் பெரிய ஆளும்மா. மூணு கடைக்காரன் வேணாம்னு அனுப்புன பிள்ளைக்குத் தொண்ணூத்தி நாலு போட்டிருக்கு. மனுசக் கண்ணுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியுது.”

திவ்யா குனிந்து பெட்டியைப் பார்த்தாள். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து பார்த்தாள்.

“சார், இத யாரு திருப்பி வச்சது?”

“மொதலாளிதான். புதுச் சாமான் கெழக்க பாத்து இருக்கணும்னு, பேரு எழுதுன பக்கத்தத் திருப்பி வச்சுப் பொட்டு வச்சாரு. ஏம்மா, நாலு பக்கமும் ஒண்ணுதான?”

“இல்ல சார். பொட்டு வச்சிருக்க பக்கம் மட்டுந்தான் கேமரா. காலையில இருந்து அது வந்தவங்க யாரையும் பாக்கல. ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் மார்க் போட்டிருக்கு.”

அசோக்குமார் குனிந்து அந்தக் குங்குமத்தைப் பார்த்தார்.

“அப்ப சரியாத்தாம்மா போட்டிருக்கு” என்றார். “கோவத்தோட உக்காந்திருந்தவன் நாந்தான?”