துரைசாணி பாட்டுக்குப் போனோம்

துரைசாணி பாட வாயைத் திறந்ததும், எங்கள் வீட்டுக்காரரின் வலது கையை என் முந்தானைக்கு அடியில் இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்க நேரமில்லை. அந்தக் கையை விட்டால் எங்கள் பிழைப்பு கெட்டுப்போகும்.

மனுசனுக்குப் பாட்டென்றால் உயிர். சிராங்கூன் ரோட்டுக் காளி கோயில் பஜனையில் உட்கார்ந்தால் தொடையில் தாளம் போடுவார். பக்கத்தில் இருப்பவர் தொடையிலும் போடுவார். சுதி ஏறிவிட்டால் "பேஷ்! பேஷ்!" என்று ஊரைக் கூட்டிவிடுவார்.

இங்கே அதெல்லாம் ஆகாது. வெள்ளைக்காரர் கச்சேரியில் பாட்டு நடுவே சத்தம் போட்டால் பெரிய மரியாதைக் குறைவு என்று அவர் வேலை பார்க்கிற கிட்டங்கியில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள்.

தஞ்சோங் பகார் சரக்குக் கிட்டங்கியில் அவர் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். பெரிய கிராணி ஊருக்குப் போய்விட்டார். அந்த நாற்காலி யாருக்கு என்று துரை திங்கட்கிழமை சொல்லப் போகிறார். வேலையோடு குடியிருக்க ஒரு வீடும் உண்டு. மாட்டுக் கொட்டகைக்கு மேலே, ஒரே அறையில், பிள்ளைகளோடு சாணி நாற்றத்தில் கிடக்கிறேன். எனக்கு அந்த வீடு வேண்டும்.

பாடுகிறது அந்தத் துரையின் சம்சாரம். கப்பலில் வந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. துரையே டிக்கெட் கொடுத்து எங்களை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

வெண்கல யானை நிற்கிற வாசலில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கியதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அம்மாடி, எவ்வளவு உயரத் தூண்கள்! உள்ளே சுவரெல்லாம் சுண்ணாம்பில் பூவேலை. கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் லேசாக இருமினார், அது மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தது. எங்கள் ஆளின் "பேஷ்" கிளம்பினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"கை, வாய் ரெண்டும் அசையக் கூடாது. சொல்லிட்டேன்," என்று முன்கூட்டியே காதில் போட்டிருந்தேன்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று முறைத்தார்.

பாட்டு ஏறியது. எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் நல்ல குரல், பொய் சொல்லக் கூடாது. என் பிடிக்குள் அவர் விரல்கள் துடித்தன. இன்னும் அழுத்தினேன். ஓரக்கண்ணால் வாயைப் பார்த்தேன், மூடியிருந்தது. அப்பாடா என்று மேடையைப் பார்த்தேன்.

துரைசாணி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. குரல் தடுக்கியது. பியானோ முன்னே போக, பாட்டு பின்னே நின்றது. எப்படியோ முடித்துவிட்டு, கைதட்டல் ஓயும் முன்பே உள்ளே போய்விட்டார்.

பதறிப்போய் இவர் பக்கம் திரும்பினேன். கை என்னிடம்தான் இருந்தது. வாயும் திறக்கவில்லை. கண் செருகி, தலை மட்டும் இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆடிக்கொண்டிருந்தது.

நல்ல பாட்டுக்குத் தலையாட்டாமல் யார் இருப்பார்கள்? இதற்கா அந்த அம்மாள் பயந்துபோனார்?

இடைவேளையில் துரை மேடைக்குப் பின்னாலிருந்து நேராக எங்களிடம் வந்தார். "மிஸ்டர் சேதுபதி" என்று தொடங்கி, இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார். கேட்கக் கேட்க இவர் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் துரை போய்விட்டார். வீடு போச்சு, எல்லாம் போச்சு என்று இவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்ன சொன்னாரு?"

"பெரிய கிராணி நான்தானாம், செல்லக்கண்ணு."

காளியாத்தா! எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் மனுசன் முகம் இழவு வீட்டு முகமாக இருந்தது. அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார்.

அப்படித் தலையாட்டினால் வெள்ளைக்காரர்களுக்கு 'சரியில்லை, தப்பு' என்று அர்த்தமாம். துரைசாணி நிஜமாகவே ஓரிடத்தில் தப்பாகப் பாடிவிட்டாராம். மண்டபத்தில் அதைக் கண்டுபிடித்தது இவர் ஒருவர்தானாம். மற்றவர்களெல்லாம் முகதாட்சண்யத்துக்குக் கைதட்டுகிறவர்களாம். இப்படி நேர்மையான ஆள்தான் கிட்டங்கிக்கு வேண்டும் என்றாராம் துரை. இனிமேல் துரைசாணி எங்கே பாடினாலும் இவர் எதிரே உட்கார வேண்டுமாம். தப்பு வந்தால் மட்டும் தலையை ஆட்ட வேண்டுமாம்.

"எங்க தப்பு வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. நான் போய்த் துரைகிட்ட..."

"பேசாம உட்காருங்க," என்றேன்.

மணி அடித்தது. துரைசாணி மறுபடி வந்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தே பாடத் தொடங்கினார்.

இந்தப் பாட்டு முந்தினதைவிட நன்றாக இருந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்கத் துரைசாணி முகம் மலர்ந்தது. முடித்ததும் சந்தோஷமாகச் சிரித்தார்.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இனி தட்டட்டும் என்று, மறுபடி பிடித்து வைத்திருந்த இவர் கையை விட்டேன். தட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன், கன்னமெல்லாம் கண்ணீர்.

பாவி மனுசனுக்கு அந்தப் பாட்டு அவ்வளவு பிடித்திருந்தது.